குங்குமப்பூவுக்கு தண்ணி: எப்ப விடணும், எப்ப சும்மா இருக்கணும்

குங்குமப்பூ வளர்க்கலாம்னு இறங்குற எல்லாரும் முதல்ல கேக்குறது ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணி விடணும்னுதான். இந்தப் பயிருக்கு அந்தக் கேள்வியே சரிப்பட்டு வராது, ஏன்னா வருஷத்துல சில மாசம் இதுக்கு ஒரு சொட்டு கூட தேவையில்ல, சில வாரம் மட்டும் கண்டிப்பா வேணும், அந்த வாரத்தை விட்டுட்டு அப்புறம் டேங்க் டேங்கா ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல. எவ்ளோன்னு பாக்குறதுக்கு முன்னாடி எப்பன்னு பாருங்க.

இது விதையில வர்ற செடி கிடையாது, விதையே பிடிக்காது, கிழங்கு வச்சுத்தான் வளர்க்கணும். இந்த வருஷம் பூக்கப்போற பூவுக்கு வேண்டிய சாப்பாடு, ஈரம் எல்லாத்தையும் அந்தக் கிழங்கு போன சீசன்லயே சேத்து வச்சிருக்கும். சமையல்கட்டு மூலைல கிடக்குற வெங்காயம் யாரும் தண்ணி தெளிக்காமலே பச்சையா முளை விடுது பாருங்க, அதே கதைதான். அதனால பூ வர்ற நேரத்துல நீங்க விடுற தண்ணி மண்ணை இளக்கி முளையை வெளிய வர வைக்கவும் வேர் பிடிக்க வைக்கவும் உதவுமே தவிர பூவோட எண்ணிக்கை பெரும்பாலும் முன்னாடியே முடிவாகியிருக்கும். அப்ப அந்த எண்ணிக்கையை முடிவு பண்றது எது? போன வருஷம் பூ பறிச்சதுக்கு அப்புறம் நீங்க விட்ட தண்ணி. நிறைய பேர் பூ பறிச்ச கையோட வேலை முடிஞ்சுதுன்னு வால்வை மூடிட்டுப் போயிடுறாங்க, அங்கதான் அடுத்த வருஷ மகசூல் அடி வாங்குது.

இந்தச் செடியோட காலண்டர் தலைகீழா இருக்கும்

மத்த பயிர் நிறைய வெயில் காலத்துல வளரும், இது வெயில் காலத்துல தூங்கும். கோடைல மண்ணுக்கு மேல எதுவுமே தெரியாது, ஆனா உள்ள கிழங்குக்குள்ள பூ மொட்டு உருவாகிட்டு இருக்கும், அதுக்கு 23ல இருந்து 27 டிகிரி வரைக்கும் சூடு வேணும். இலையுதிர் காலத்துல மண்ணு 17 டிகிரி பக்கம் குளிர்ந்ததும் முளை மேல வந்து பூ விடும். பூவோட சேந்தோ பின்னாடியோ புல்லு மாதிரி மெல்லிசான இலை வரும், அது குளிர்காலம் முழுக்க பச்சையா இருந்து தாய்க்கிழங்கு மேல குட்டிக் கிழங்குகளைப் பெருக்க வைக்கும். வசந்தம் முடியுறப்ப இலை மஞ்சளாகிக் காஞ்சு போயிடும், திரும்பவும் தூக்கம்.

காஷ்மீர், ஈரான், ஸ்பெயின் பக்கமெல்லாம் பூ அக்டோபர், நவம்பர்ல வரும். நியூசிலாந்து, டாஸ்மேனியா மாதிரி பூமியோட தெற்குப் பாதில இருந்தா அப்படியே ஆறு மாசம் தள்ளிப் போட்டுக்கோங்க. அதனாலதான் சொல்றேன், யாரோ எழுதி வச்ச மாசக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க, செடி எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

எவ்ளோ தண்ணி எங்க விடுறாங்க

உலகத்துல விளையுற குங்குமப்பூல ரொம்பப் பெரிய பங்கு ஈரானோட கொராசான் பக்கம் இருந்துதான் வருது. அங்க பெரும்பாலான இடத்துல வருஷ மழை 300 மில்லிமீட்டருக்கும் கீழ, அதனால பாசனம் இல்லாம முடியாது, வருஷத்துக்கு ஹெக்டேருக்கு சுமார் 3000 கன மீட்டர் அளவுல நாலஞ்சு தடவையாப் பிரிச்சு பாத்தி நிறைய விடுறது அங்க வழக்கம். மழைக்கணக்குல சொன்னா 300 மிமீ. காஷ்மீர் பாம்பூர் மேட்டு நிலம் அதுக்கு நேர் எதிர், காலங்காலமா மழையையும் பனியையும் நம்பியே பண்ணிட்டு இருந்தாங்க. ஆனா ஆகஸ்ட் கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும் உள்ள அந்த ஒன்றரை மாசத்துல மழை பொய்ச்சா மகசூல் படுத்துடும், அதனாலதான் 2010ல ஆரம்பிச்ச தேசிய குங்குமப்பூ இயக்கத்துல போர்வெல்லும் ஸ்பிரிங்ளரும் முக்கியமான அம்சமா இருந்துச்சு. அங்க சொல்ற சிபாரிசு மொத்தமே ஹெக்டேருக்கு 700 கன மீட்டர்தான்: ஆகஸ்ட் 25 வாக்குல தொடங்கி அக்டோபர் 15 வரைக்கும் வாரம் ஒரு தடவை, அப்புறம் பூ முடிஞ்சு நவம்பர் 8க்கு மேல வாரம் ஒண்ணா மூணு தடவை. ஒரு தடவைக்கு 70 கன மீட்டர், அதாவது வெறும் 7 மிமீ.

ஒரே பயிர், ஒரு இடத்துல 300 மிமீ, இன்னொரு இடத்துல 70 மிமீ. மழை குடுக்குறது போக பாக்கிதான் நாம குடுக்கணும்ங்கறது இதுலயே தெரிஞ்சிடும். அதனால வேற ஊர்க்காரர் சொன்ன லிட்டர் கணக்கை காப்பி அடிக்காதீங்க.

முதல் தண்ணி, இதுலதான் நிதானம் வேணும்

கோடைத் தூக்கம் முடிஞ்சு விடுற முதல் தண்ணிதான் மொத்த சீசனையும் ஸ்டார்ட் பண்ணும். ரொம்ப சீக்கிரம் விட்டுட்டா மண்ணு இன்னும் சூடா இருக்கும், சூடும் ஈரமும் சேந்தா கிழங்குக்கு அழுகல் வர்றது ஈசி, அதோட இலை முந்திக்கிட்டு பூவுக்கு முன்னாடியே கிளம்பிடும், அப்புறம் இலைக்கு நடுவுல கையை விட்டு பூ பறிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஒரு கிலோ காஞ்ச குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூ பக்கம் பறிக்கணும், அதுல ஒவ்வொரு பூவுக்கும் ரெண்டு செகண்ட் கூடினாக்கூட கூலி எங்க போய் நிக்கும்னு கணக்குப் போட்டுக்கோங்க. ரொம்ப லேட்டா விட்டாலும் பிரச்சனைதான், பூ பின்னால தள்ளிப் போய் உறைபனில மாட்டும்.

கணக்கா எப்ப விடலாம்னா ராத்திரி குளிர ஆரம்பிச்சு, 15 சென்டிமீட்டர் ஆழத்துல மண்ணோட சூடு 20 டிகிரிக்கிட்ட இறங்கிட்டு இருக்குற நேரம், அதாவது பூ எதிர்பாக்குற தேதிக்கு மூணு நாலு வாரம் முன்னாடி. மண் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா நல்லது, பெரிய செலவு இல்ல, ஊகத்துல விடுறதை விட எவ்வளவோ மேல். காஷ்மீர் சிபாரிசுல ஆகஸ்ட் கடைசிலயே தொடங்குறாங்களேன்னு கேப்பீங்க, அது மேட்டு நிலம், சீக்கிரம் குளிர்ற ஊரு, தடவைக்கு 7 மிமீன்னு தெளிக்கிறதோட சரி. பாத்தி நிறைய விடுற முறைல அவ்ளோ முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது.

இந்த முதல் தண்ணி மட்டும் கொஞ்சம் தாராளமா இருக்கலாம், கிழங்கு இருக்குற ஆழம் வரைக்கும் ஈரம் இறங்கணும். கிழங்கு சாதாரணமா 12, 15 சென்டிமீட்டர்ல இருக்கும், வேர் அதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் போகும், ஆக 20ல இருந்து 25 சென்டிமீட்டர் நனைஞ்சா போதும். நல்லாக் காஞ்ச வண்டல் கலந்த மண்ணுல அதுக்கு 30 மிமீ பக்கம் பிடிக்கும், மணல் பாங்கா இருந்தா 20லயே ஆயிடும், களிமண்ணுன்னா 35 போகும், ஆனா ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுப் பிரிச்சு விடுங்க.

தண்ணி விட்ட அஞ்சாறு நாள்ல மேல் மண்ணு காஞ்சு அப்பளம் மாதிரி இறுகிடும், முளை அதை முட்டிக்கிட்டு வெளிய வர முடியாம வளைஞ்சு போகும். அதனால மண்ணு கால் வைக்கிற பதத்துக்கு வந்ததும் கைக்கொத்தாலயோ சின்ன ரேக்காலயோ மேலாப்ல ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டும் கிளறி விடுங்க, ஆழமாப் போனீங்கன்னா முளை ஒடிஞ்சிடும். பாத்திப் பாசனம் பண்றவங்க இந்த வேலையை விடவே கூடாது. சொட்டு நீர்ல இந்தத் தலைவலி ரொம்பக் கம்மி.

பூ இருக்குறப்ப

மேல இருந்து தெளிக்கிறதை நிறுத்திடுங்க. பூ நனைஞ்சா உள்ள இருக்குற அந்த மூணு சிவப்பு இழையும் நிறம் மங்கும், காய வைக்கிறது கஷ்டமாகும், பூசணம் பிடிக்கும். மண்ணுல ஏற்கனவே ஈரம் இருக்கும், அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு அது போதும். ரொம்பக் காத்தடிச்சு மண்ணு வறண்டுருச்சுன்னா சொட்டு நீர்ல மட்டும் லேசா குடுக்கலாம், அதுவும் அன்னிக்குப் பறிப்பு முடிஞ்சதுக்கு அப்புறம், பாதை சேறாகாம.

பூ முடிஞ்சதும் உண்மையான பாசனம் ஆரம்பிக்குது

கடைசிப் பூ பறிச்ச ஒரு வாரத்துக்குள்ள ஒரு நல்ல தண்ணி விடுங்க. இலை வேகமா நீளுற நேரம் இது, புது வேர் ஓடுற நேரம், தாய்க்கிழங்கு கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி குட்டிகளுக்குத் தாரை வாக்க ஆரம்பிக்கிற நேரம். உரம் ஏதாவது குடுக்குறதா இருந்தாலும் இந்தத் தண்ணியோட குடுக்குறதுதான் சரி. அதுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு களை எடுத்துட்டு இன்னொண்ணு.

அப்புறம் நடுக் குளிர்காலம். பனி கொட்டுற ஊர்ல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உருகுற பனியே ஈரம் குடுத்துரும், மண்ணு உறைஞ்சு கிடக்குறப்ப தண்ணி விடுறது வீண். மழையும் இல்ல பனியும் இல்லங்கற ஊர்ல மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா விடணும். குளிர்காலம் முடிஞ்சு வெயில் லேசா ஏறுறப்பதான் குட்டிக் கிழங்கு வேகமாப் பெருக்கும், அந்த நேரத்துல வறட்சி வந்தா கிழங்கு சின்னதாவே நின்னுடும். 8 கிராமுக்குக் கீழ இருக்குற கிழங்கு பெரும்பாலும் பூக்காது, இலை மட்டும் விட்டு ஒரு வருஷத்தை ஓட்டிடும். ஆக இந்தக் கட்டத்துல விடுற ஒரு தண்ணியை மிச்சம் பிடிக்கிறதை விட வேற எங்கயாவது மிச்சம் பிடிங்க.

இலை நுனி மஞ்சளாக ஆரம்பிச்சதும் கடைசியா ஒரு தண்ணி, அதோட முடிச்சுக்கோங்க. மஞ்சளாகுதேன்னு பயந்து மேல மேல ஊத்துறவங்க நிறைய, அது நோய் இல்ல, செடி தூங்கப் போகுது, விட்டுடுங்க.

கோடைல

இலை காஞ்சதுல இருந்து முதல் தண்ணி வரைக்கும் வறட்சியா இருக்கட்டும். கோடை நடுவுல ஒரு தண்ணி விட்டா மண்ணு குளிர்ந்து கிழங்குக்கு நல்லதுன்னு ஈரான்ல சில பகுதிகள்ல செய்யுறாங்க, வேற சில பகுதிகள்ல தொடவே மாட்டாங்க. என் அபிப்பிராயம், களிமண்ணா இருந்தா கனவுலயும் வேண்டாம், நல்லா வடியுற மணல் கலந்த மண்ணு, அதுவும் கொளுத்துற வெயில்னா கோடைக் கடைசில ஒரே ஒரு தடவை லேசா விட்டுப் பாக்கலாம், அதையும் முழு நிலத்துல பண்ணாம ஒரு மூலைல பண்ணிப் பாத்துட்டு முடிவெடுங்க. வெத்து மண்ணா கிடக்க விடாம வைக்கோலோ காஞ்ச சருகோ மூடாக்குப் போட்டா பாதி பிரச்சனை தண்ணி இல்லாமலே தீந்துடும்.

எந்த முறை

பாத்தில நிறைய விடுறது பழைய முறை, செலவு இல்ல, ஆனா தண்ணி நிறைய வீணாகும், நிலம் மட்டமா இல்லன்னா பள்ளத்துல இருக்குற கிழங்கு அழுகும் மேட்டுல இருக்குறது காயும், மேல மண்ணு இறுகுறதும் இதுலதான் அதிகம். பார் பிடிச்சு வாய்க்கால்ல விடுறது இதை விட நல்லது, ஏன்னா தண்ணி பக்கவாட்டுல ஊறித்தான் கிழங்குக்குப் போகும், மேல இறுகாது. எந்த முறையா இருந்தாலும் மேட்டுப்பாத்தி போடுங்க, 15, 20 சென்டிமீட்டர் உயரம், ரெண்டு பக்கமும் தண்ணி வடிய வாய்க்கால்.

ஸ்பிரிங்ளர்ல ஒரே சீரா மழை மாதிரி குடுக்கலாம், சரிவான நிலத்துக்கு நல்லா ஒத்துவரும், பூக்குறதுக்கு முன்னாடி மண்ணைக் குளிர வைக்கவும் உதவும். காத்தடிக்கிற நேரத்துல போடாதீங்க, காலைல போடுங்க, சாயங்காலம் போட்டு ராத்திரி முழுக்க இலை ஈரமா இருக்க விடாதீங்க. எவ்ளோ மிமீ விழுதுன்னு தெரிய நேரான பக்கம் உள்ள அஞ்சாறு டப்பாவை நிலத்துல அங்கங்க வச்சு அரை மணி நேரம் ஓட்டிட்டு ஸ்கேலை விட்டு அளந்து பாருங்க. ஒரு டப்பால 3 மிமீ இன்னொண்ணுல 9 மிமீன்னு வந்தா நாசில்ல பிரச்சனை.

என்னைக் கேட்டா புதுசா ஆரம்பிக்கிறவங்க சொட்டு நீர் போடுறதுதான் பெஸ்ட். இன்லைன் லேட்டரல் (சொட்டு விடுற துளை உள்ளயே பொருத்தி வர்ற குழாய்), 30 சென்டிமீட்டருக்கு ஒரு எமிட்டர் (அந்தச் சொட்டுத் துளைதான்), மணிக்கு 1 லிட்டர் வர்றது, லேட்டரல்களுக்கு நடுவுல 40 சென்டிமீட்டர், ரெண்டு வரிசை கிழங்குக்கு ஒரு லைன்னு வச்சா ஒரு சதுர மீட்டருக்கு எட்டு எமிட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், ஆக ஒரு மணி நேரம் ஓடினா 8 மிமீ. மணல் மண்ணுல தண்ணி பக்கவாட்டுல பரவாம நேராக் கீழ போயிடும், அங்க எமிட்டர் இடைவெளியை 20க்குக் குறைச்சுக்கோங்க. ஃபில்டர் இல்லாம மட்டும் போடாதீங்க.

கணக்குப் போடுற விதம்

1 மிமீ தண்ணின்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர், ஏக்கருக்கு 4000 லிட்டர் சொச்சம். உங்க ஊர்ல ஒரு நாளைக்கு எவ்ளோ ஆவியாகுதுன்னு வானிலை தகவல்ல கிடைக்கும், அதைப் பயிரோட கட்டத்துக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும். முளைக்கிற கட்டத்துல சுமாரா 0.4, இலை முழுசா வளந்த கட்டத்துல 0.9ல இருந்து 1 வரைக்கும், இலை காயுறப்ப 0.3. உதாரணத்துக்கு இலை நல்லா இருக்குற நேரம், நாளைக்கு 2 மிமீ ஆவியாகுது, அப்ப பயிருக்கு 2 மிமீக்குக் கொஞ்சம் கம்மி, பத்து நாளைக்கு 18, 20 மிமீ. அந்தப் பத்து நாள்ல 12 மிமீ மழை பெஞ்சிருந்தா நீங்க குடுக்க வேண்டியது 6, 8 மிமீதான். பாத்திப் பாசனம்னா வீணாகுறதையும் சேத்து ஒன்றரை மடங்கா வச்சுக்கோங்க.

கணக்கு என்ன சொன்னாலும் தண்ணி விடுறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல 15 சென்டிமீட்டர் தோண்டி மண்ணை எடுத்து உள்ளங்கைல பிடிச்சு அமுக்கிப் பாருங்க. உருண்டையா நின்னு லேசாத் தட்டினா உடைஞ்சா சரியான ஈரம், இன்னும் விட வேண்டாம். பிடிக்கவே பிடிக்கலன்னா விடுங்க. விரல் இடுக்குல தண்ணி கசிஞ்சா நீங்க ஏற்கனவே லிமிட்டைத் தாண்டிட்டீங்க.

கிழங்கு நடுறதுக்கு முன்னாடியே இன்னொரு சோதனையும் பண்ணிடுங்க: 30 சென்டிமீட்டர் குழி வெட்டி தண்ணி ஊத்தி ஒரு தடவை வடிய விட்டு, திரும்ப நிரப்பி நேரம் பாருங்க. நாலஞ்சு மணி நேரத்துல வடிஞ்சா நல்ல நிலம், மறுநாள் வரைக்கும் நின்னா அந்த இடம் குங்குமப்பூவுக்கு ஆகாது, எவ்ளோ கம்மியா தண்ணி விட்டாலும் ஒரு பெருமழைல ஃபியூசேரியம்ங்கற பூஞ்சையால அழுகல் வந்து மொத்தமாப் போயிடும். தண்ணில உப்பு ஜாஸ்தியா இருந்தாலும் இது தாங்காது, போர் தண்ணின்னா டெஸ்ட் பண்ணிட்டு இறங்குங்க.

தொட்டி, ட்ரே

தொட்டில வளர்க்குறவங்க 25 சென்டிமீட்டர் ஆழமாவது வச்சுக்கோங்க, அடில ஓட்டை அடைக்காம இருக்கணும், கீழ தட்டு வச்சு அதுல தண்ணி தேங்க விடுறது கிழங்குக்கு எமன். தூக்கிப் பாத்து லேசா இருந்தா விடுங்க, கனமா இருந்தா விடாதீங்க. கோடைல மழை படாத இடத்துக்கு நகத்திடுங்க.

ரூமுக்குள்ள ட்ரேல மண்ணே இல்லாம கிழங்கை அடுக்கி பூக்க வைக்கிறதும் இப்ப பரவலா நடக்குது. அதுல பூ வரைக்கும் தண்ணி ஊத்தவே வேண்டாம், காத்துல ஈரப்பதம் 80 சதவீதம் பக்கம் வச்சா போதும், கிழங்கு மேல நேரா தெளிச்சா அழுகும். ஆனா பூ முடிஞ்சதும் அந்தக் கிழங்கு காலி, அதை மண்ணுல நட்டு மேல சொன்ன மாதிரி குளிர்காலப் பாசனம் குடுத்தாத்தான் அடுத்த வருஷம் பூக்கும். வீடியோக்கள்ல பூ பறிக்கிறதோட கட் பண்ணிடுறாங்க, இந்தப் பாதியைக் காட்டுறதில்ல.

சரியா விட்டிருக்கோமான்னு பாக்க

இலை பச்சையா இருக்க வேண்டிய குளிர்காலத்துலயே அடில இருந்து மஞ்சளாகி இழுத்தா கையோட வந்துச்சுன்னா தண்ணி ஜாஸ்தி, கிழங்கு அழுகுது, உடனே நிறுத்திட்டு அந்தக் கொத்தைத் தோண்டி அப்புறப்படுத்துங்க. இலை நுனி மட்டும் காஞ்சு, குட்டையா நின்னா தண்ணி பத்தல. நாலு வருஷத்துக்கு மேல ஆன நிலத்துல குட்டிக் கிழங்கு தாய் மேலயே உருவாகி வருஷா வருஷம் மேல ஏறிட்டே வந்திருக்கும், அதனால சீக்கிரம் காயும், அங்க ஒரு தடவைக்கு அளவைக் குறைச்சு அடிக்கடி குடுங்க, இல்லன்னா மேல மண் அணைச்சு விடுங்க.

இலை முழுசாக் காஞ்சதுக்கு அப்புறம் நிலத்துல ரெண்டு மூணு இடத்துல மட்டும் தோண்டி கிழங்கை எடை போட்டுப் பாருங்க. பெரும்பாலும் 10 கிராமுக்கு மேல இருந்தா போன சீசன் பாசனத்தை அப்படியே தொடரலாம். எல்லாம் அஞ்சாறு கிராம் பொடிசா இருந்து நெருக்கமாவும் இல்லன்னா அடுத்த தடவை பூவுக்கு அப்புறம் ஒரு தண்ணி, இலை மஞ்சளாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு தண்ணின்னு ரெண்டு சேத்துக்கோங்க. நெருக்கமா மண்டிப்போய் கிடந்தா அது தண்ணிப் பிரச்சனையே இல்ல, கிழங்கை எடுத்துப் பிரிச்சு நட வேண்டிய நேரம் வந்துடுச்சு.